ஓராள் கூட

மூன்றாவது தரம் எண்ணியபோதும் நூற்று நாற்பத்தெட்டுதான் வந்தது. பதிவேட்டில் இருந்ததோ நூற்று நாற்பத்தேழு. தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. தங்கப்பாண்டி காலருக்குள் செருகியிருந்த கைக்குட்டையை உருவி முகத்தைத் துடைத்துவிட்டு, எவனோ ஒருத்தன் இரண்டு தரம் நடந்திருக்கிறான், மரியாதையாக ஒத்துக்கொள்ளட்டும் என்றார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் யாரும் இரண்டு தரம் நடக்கவில்லை. அந்த மே மாத வெயிலில் ஒரு தரம் நடப்பதே பெரும்பாடு.

பக்கத்தில் முகாம் தலைவர் என்ற பெயரில் குடை பிடித்து நின்றவன் பெயிண்டர் அலோசியஸ். குடை ஆர்.ஐ.க்கு, வெயில் அவனுக்கு. ஆண்டிக்குளம் முகாமில் மாதம் ஒருமுறை செக்கிங் இப்படித்தான் நடக்கும். பழைய பஞ்சு குடோனுக்கு முன்னால் உள்ள பொட்டலில் எல்லோரும் வேப்பமரத்துப் பக்கம் நிற்க வேண்டும், பெயர் வாசித்ததும் "இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கடக்க வேண்டும், கடந்தவர்களை எண்ண வேண்டும், எண்ணியதை எழுத வேண்டும், முப்பத்து மூன்று வருடமாக இதே மரம், இதே தொட்டி, நடுவே நடக்க இதே இருபது எட்டு. கடலைத் தாண்டி வந்தவர்கள், வந்தவர்களுக்குப் பிறந்தவர்கள், அப்படிப் பிறந்தவர்களுக்குப் பிறந்தவர்கள் என்று மூன்று தலைமுறை அதைக் கடந்தாகிவிட்டது. அரசாங்கம் அத்தனை பேரையும் "வந்தவர்கள்" என்றுதான் எழுதுகிறது, முகாம் வேலியைத் தாண்டி ஐஸ் வாங்கக்கூடப் போகாத மூன்று வயதுப் பிள்ளையும் புத்தகத்தில் ஒரு வந்தவர்.

அன்றும் பெயர் எல்லாம் சரியாகத்தான் வாசிக்கப்பட்டது. நூற்று நாற்பத்தேழு பெயர், நூற்று நாற்பத்தேழு "இருக்கிறேன்", வேப்பமரத்தடியில் ஓர் ஆட்டைத் தவிர மிச்சம் யாருமில்லை, ஆனால் தொட்டிப் பக்கம் போய் எண்ணினால் ஒன்று அதிகம். இடமிருந்து எண்ணினார், வலமிருந்து எண்ணினார், உட்காரவைத்து எண்ணினார். நாலாவது தரம் மூளையைப் பயன்படுத்தினார். மூன்று தீப்பெட்டி வாங்கிவரச் சொல்லி, நூற்று நாற்பத்தேழு குச்சியைத் தன் கையாலேயே எண்ணி எடுத்து, மற்றதைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு குச்சி கொடுத்தார். குச்சி கிடைக்காமல் வெறுங்கையோடு நிற்கிறவன்தான் ஆள் என்றார். எல்லோர் கையிலும் குச்சி இருந்தது. திருப்பி வாங்கி எண்ணினார். நூற்று நாற்பத்தெட்டு. அந்த அதிகப்படிக் குச்சியைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கடைசியில் அதாலேயே சிகரெட்டைப் பற்றவைத்தார். நன்றாகத்தான் எரிந்தது.

அலோசியஸுக்கு இதில் பெரிய ஆச்சரியம் எதுவும் வரவில்லை. ஒன்று குறைந்திருந்தால்தான் பயம், அதிகமென்றால் யாரும் சாகவில்லை என்று அர்த்தம் என்று நினைத்துக்கொண்டு குடையை மடக்கினான்.

முதல் வாரம் முகாம் முழுக்கச் சந்தேகம்தான். வீடு வீடாக எண்ணினால் சரியாக இருந்தது, வரிசை வரிசையாக எண்ணினாலும் சரியாக இருந்தது, எல்லோரும் ஒரே இடத்தில் கூடினால் மட்டும் ஒன்று ஏறியது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. மூன்றாவது வாரம் அந்த ஆளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மிச்சம் என்று வெறுமனே சொன்னால் மரியாதை இல்லை என்று, அந்தோனியார், தோமையார் வரிசையில் மிச்சத்தார் என்றார்கள். குழாயடியில் குடம் காணாமல் போனால் மிச்சத்தார் எடுத்தார், பத்தாம் வகுப்புப் பெண்ணின் நோட்டுக்குள் காதல் கடிதம் கிடந்தால் மிச்சத்தார் எழுதினார், பொது மீட்டரில் கரண்ட் அதிகம் ஓடினால் மிச்சத்தார் ஃபேன் போட்டுக்கொண்டு தூங்குகிறார். பெடியள் கிரிக்கெட்டில் அவரைப் பன்னிரண்டாவது ஆளாக இறக்கி, ஆளைப் பார்க்க முடியாததால் அவுட் கொடுக்க முடியாது என்று சாதித்து, ஒரே ஆட்டத்தை நாலு நாள் இழுத்தார்கள். அந்தோனியார் திருநாளுக்குப் பொங்கியபோது பெண்கள் தங்களுக்குள் ஒன்றும் பேசிக்கொள்ளாமலே ஒரு சுண்டு அரிசி அதிகம் போட்டார்கள். பந்தி முடிந்து இலை எடுத்த கொன்சி, அலோசியஸின் மனைவி, எச்சில் இலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மனுசன் கறிவேப்பிலையை மட்டும் ஒதுக்கி வச்சிருக்குது, ஆம்பிளைதான் என்று தீர்ப்புச் சொன்னாள்.

வெளியே சிரிப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி இருந்தது: ஒருவேளை அந்த ஆள் நான்தானோ. இந்தக் கேள்வி ஒன்றும் புதியது இல்லை. ரேஷன் கடையில், கல்லூரி விண்ணப்பத்தில், சிம் கார்டு வாங்கப் போன இடத்தில், வங்கிக் கவுண்டரில், எங்கே போய் நின்றாலும் தங்களுக்கென்று ஒரு கட்டம் இல்லாமல் ஓரமாக ஒதுங்கி நின்ற ஒவ்வொரு தடவையும் வந்த கேள்விதான் அது. அலோசியஸே டவுனில் ஒரு வீட்டுக்கு மூன்று நாள் பிரைமர் அடித்து, இரண்டு கோட் பெயிண்டும் அடித்துவிட்டு இறங்கியபோது, வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, நீங்கள் எல்லாம் எப்போது ஊருக்குப் போவீர்கள் என்று கேட்டார். அலோசியஸ் ஊரைவிட்டு வந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. இப்போது நாற்பத்து நாலு. ஊர் என்று அவர் எதைச் சொல்கிறார் என்று யோசிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

ஆர்.ஐ. தன் பங்குக்கு மேலே எழுதிப்போட்டார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது, ஒற்றை வரி: எண்ணிக்கைப் பிழை, ஒன்றைக் கழித்துக்கொள்க. தங்கப்பாண்டிக்கு அப்படியொரு நிம்மதி. அதற்குப் பிறகு மாதாமாதம், மொத்தம் நூற்று நாற்பத்தெட்டு, கழிக்க ஒன்று, ஆக நூற்று நாற்பத்தேழு என்று அழகாக எழுதிக் கோடு போட்டு, அலோசியஸிடம் கையெழுத்து வாங்கினார். இப்படியாக ஆண்டிக்குளத்துக்கு மட்டுமல்ல, அரசாங்கத்துக்கும் மிச்சத்தார் பழகிப்போனார்.

இங்கே அலோசியஸைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவன் பொய் சொன்னால் விக்கல் வரும். சின்னப் பொய்யென்றால் ஒரு விக்கல், பெரிய பொய்யென்றால் அரை நாள். ஒரு கோட் அடித்துவிட்டு இரண்டு கோட் என்று மேஸ்திரியிடம் சொல்ல முடியாது. அதனாலேயே அவன் அடித்த சுவர் எல்லாம் மழைக்கு நின்றது. கொன்சி வைக்கிற ரசம் நன்றாயிருக்கிறது என்று கல்யாணமான புதிதில் சொல்லப்போய், மாமியார் வீட்டில் இரண்டு செம்பு தண்ணீர் குடிக்க வேண்டிவந்தது. அவனை முகாம் தலைவராக்கியதும் இதற்காகத்தான். ஆர்.ஐ.க்கு வேலை மிச்சம். பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் "பதிவில்லாத வெளியாட்கள் எவரேனும் உளரா" என்று ஒரு கேள்வி இருக்கும்; தங்கப்பாண்டி அதைக் கேட்டுவிட்டு அலோசியஸின் தொண்டையைப் பார்ப்பார். இல்லை ஐயா என்பான். விக்கல் வராது. மிச்சத்தார் வந்த பிறகும் வரவில்லை. வெளியாள் என்றுதானே கேள்வி, மிச்சத்தார் உள்ளாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது ஒரு சொல்லைப் பற்றி. முகாமுக்கு வந்த புதிதில் பெரியவர்கள் சாலையோர டீக்கடைக்குப் போய், சீனி கூட வேண்டாம் என்றார்கள். அளவாகப் போடு, அதிகம் வேண்டாம் என்று அர்த்தம். அந்தக் கரையில் கூட என்றால் அதிகம். இந்தக் கரை டீ மாஸ்டருக்கு வேறு மாதிரி கேட்டது: பால் வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், சீனியும்கூட வேண்டாம். சீனியே போடாமல் கொடுத்தார். அவர்களும் இந்த ஊர் வழக்கம் இதுதான் போலிருக்கிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆறு மாதம் குடித்தார்கள். கடல் தாண்டி வந்தவர்களுக்கெல்லாம் சுகர் வியாதி என்று ஆண்டிக்குளம் முழுக்கப் பேச்சு இருந்தது. ஒரு கூடைப் பாகற்காயோடு வந்து விசாரித்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீடுகளில் இறைச்சி வெந்துகொண்டிருந்த நேரத்தில், சுகந்தினி வந்தாள். கொன்சியின் அண்ணன் மகள். மணல் திட்டில் இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிடப்பட்டு, நடந்து, மீன் லாரியில் ஏறி, இரண்டு பஸ் மாறி வந்தவளின் பாவாடை உப்புப் பூத்துத் தகரம் மாதிரி நின்றது. ஒரு கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் பிரேம் போட்ட புருசன் படம். அவனை யாரோ கூட்டிக்கொண்டு போய் ஏழு வருடமாகிறது. அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ரோட்டோரக் கொட்டகையில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள், மழையிலும் உட்கார்ந்திருந்தாள், எங்கே என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், அதனால் நம்பர் பிளேட் இல்லாத மோட்டார் சைக்கிளில் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு தரம் மிரட்டினார்கள். மூன்றாவது தரம் வந்தவர்கள் சத்தமே போடவில்லை, படத்தை வாங்கிப் பார்த்து, தூசியைத் துடைத்து, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, இதே சைஸில் உனக்கும் ஒன்று எடுத்துவை என்றார்கள்.

அலோசியஸுக்கு ஒளிப்பது பிடிக்கவில்லை. ஒளிக்க அவனால் முடியாது என்பது வேறு. திங்கட்கிழமை காலையிலேயே ஆபீசுக்குப் போய், புதிதாக ஓராள் வந்தால் எங்கே பதிய வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டான். கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இப்போதெல்லாம் பதிகிற புத்தகம் இல்லை, வழக்குப் போடுகிற புத்தகம்தான் இருக்கிறது, அது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது என்றார். வழக்கென்றால் என்ன ஆகும் என்று கேட்டான். ஜெயில், அப்புறம் கப்பல் என்றார். சரி, ஏன் வந்தாய் என்று யார் கேட்பார்கள் என்று கேட்டான். கிளார்க் இப்போது நிமிர்ந்து பார்த்து, ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினார். எப்படி வந்தாய், எந்தப் படகு, எந்த இடம், யார் உதவினார்கள் என்று நாலு பக்கம் இருந்தது. ஏன் வந்தாய் என்று கேட்க ஒரு வரியும் இல்லை.

முகாமில் எல்லோரும் கொன்சி வீட்டு முன்னால் கூடினார்கள். பயந்தவர்கள் பயத்தை மறைக்கவில்லை. அடுத்த செக்கிங்கில் நூற்று நாற்பத்தொன்பது வரும், ஒன்றைக் கழித்துக்கொள்ளத்தான் உத்தரவு, இரண்டைக் கழிக்க இல்லை, அகப்பட்டால் எல்லோருடைய அகதி அட்டைக்கும் ஆபத்து என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை, அலோசியஸுக்கும் அதே பயம்தான், அதை வாய்விட்டும் சொன்னான். கொன்சி இறைச்சிச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"நாங்கள் கரையில இறங்கேக்க ஆரும் எண்ணிப்போட்டா இறக்கினவை? முதல்ல பன்னும் பிளேன்டீயும் தந்தவை. பிறகுதான் பேர் கேட்டவை. இப்ப நீங்கள் எனக்குக் கணக்குப் படிப்பிக்கிறியள்."

முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்திய அந்தப் பன்னின் ருசி அங்கே நின்ற பாதிப் பேர் வாயில் இன்னும் இருந்தது.

செக்கிங் அன்று சுகந்தினி வேப்பமரத்துப் பக்கம் நின்றாள். ஒளித்துவைக்க வீட்டில் இடமில்லை, பத்துக்குப் பத்து அறை, கட்டிலுக்கடியில் பெயிண்ட் டப்பா. தங்கப்பாண்டி பெயர் வாசித்தார், ஒவ்வொருவராக இருக்கிறேன் என்றார்கள், கடந்தார்கள், கடைசிப் பெயர் முடிந்தபோது மரத்தடியில் ஆடு மட்டும் நின்றது. எந்தப் பெயருக்குத் தான் கடந்தாள் என்று சுகந்தினிக்கே தெரியவில்லை. அவளுக்கு முன்னால் போனவளுக்கும் தெரியவில்லை, பின்னால் போனவளுக்கும் தெரியவில்லை. ஆர்.ஐ. எண்ண ஆரம்பித்தார், நூற்று நாற்பது தாண்டினார், நூற்று நாற்பத்தேழு, நூற்று நாற்பத்தெட்டு, முடிந்துவிட்டது. அதற்குமேல் தலை இல்லை. ஐந்து மாதமாக மிச்சத்தார் சும்மா நிற்கவில்லை, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஆள் மாதிரி நின்றிருக்கிறார். ஆள் வந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இதைப் பற்றி யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. கொன்சி மட்டும் மறுநாள் சோற்றில் ஒரு பிடி எடுத்துக் காக்காய்க்கு வைத்தாள்.

ஆனால் அன்றைக்குக் கடைசிக் கட்டம் மிச்சமிருந்தது. வெளியாள் யாராச்சும் இருக்காங்களா என்று தங்கப்பாண்டி கேட்டு, வழக்கம்போலத் தொண்டையைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் அரை நாள் விக்கும். இருக்கு என்று சொன்னால் சுகந்தினி போனாள். அலோசியஸ் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டி, வாயைத் திறந்து, அந்தக் கரையில் பிறந்தவன் எப்படிச் சொல்வானோ அப்படியே சொன்னான்.

"ஓராள் கூட, ஐயா."

ஓராள் அதிகம் என்று அவன் சொன்னான். ஆர்.ஐ. பேனா மூடியைக் கழற்றி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், அவன் முழுங்கிவிட்ட சொல்லைத் தானாகவே போட்டு எழுதினார்: ஒருவர் கூட இல்லை. விக்கல் வரவில்லை. எப்படி வரும், உண்மையைத்தானே சொன்னான். வீட்டுக்கு வந்து சொன்னதும் கொன்சி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துச் சிரித்து இடுப்புப் பிடித்துக்கொண்டு தைலம் தேய்க்க வேண்டிவந்தது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொல்லியும் ஒருத்தரை ஏமாற்ற முடியும் என்று நாற்பத்து நாலு வயதில் தெரிந்துகொண்டது அவனுக்குக் கொஞ்சம் கேவலமாக இருந்தது. ஆனால் நவம்பரிலும் அதையே சொன்னான், டிசம்பரிலும் சொன்னான். சுகந்தினி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிப்ரவரி வரைக்கும் எல்லாம் நன்றாகப் போனது.

மார்ச்சில் புது தாசில்தார் வந்தார். பெயர் அங்கயற்கண்ணி, மதுரைக்காரர். கெட்ட மனுஷி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வந்ததும் அவர் செய்த முதல் வேலை, வயதானவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றியது. முப்பத்து மூன்று வருடத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது வேலை, பதிவேட்டை முதலிலிருந்து படித்தது. கழிக்க ஒன்று, கழிக்க ஒன்று என்று பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, ஆளைக் கழிக்க இது என்ன தேங்காயா என்று தங்கப்பாண்டியைக் கேட்டார். தங்கப்பாண்டி தீக்குச்சிக் கதையைச் சொன்னார். விக்கல் கதையையும் சொன்னார். தாசில்தார் நம்பவில்லை, தானே பெயர் வாசித்து, கடந்த ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் தானே மை வைத்து எண்ணினார். நூற்று நாற்பத்தெட்டு மணிக்கட்டு. மை பாட்டிலை மூடி வைத்துவிட்டு, கடைசிக் கட்டத்துக்கு வந்து அலோசியஸிடம் கேட்டார். ஓராள் கூட, அம்மா என்றான். தொண்டை அமைதியாக இருந்தது. அவரும் பேனாவை எடுத்து "ஒருவர் கூட" வரைக்கும் எழுதிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொன்சி டீ கொண்டுவந்தாள். வந்தவருக்கு ஒரு வாய் கொடுக்காமல் அனுப்பக்கூடாது என்பது அவள் பிடிவாதம். பால் விடவோ என்று ஏற்கெனவே ஆளனுப்பிக் கேட்டிருந்தாள். வெறும் டீ போதும், பால் வேணாம், சீனி கூட வேணாம் என்று தாசில்தார் சொல்லியனுப்பியிருந்தார். அவருக்கு நிஜமாகவே சுகர். கொன்சி அளவாக, ஒரே ஒரு கரண்டி மட்டும் போட்டுக் கொண்டுவந்தாள். தாசில்தார் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தார்.

"சீனி கூட வேணாம்னு சொன்னேனே."

"கூடப் போடேல்லையே அம்மா. ஒரு கரண்டிதான்."

சொன்ன பிறகுதான் கொன்சிக்கு உறைத்தது. அவள் கை வாய்க்குப் போனது, ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. தாசில்தார் டம்ளரைப் பார்த்தார், கொன்சியைப் பார்த்தார், தான் பாதி எழுதிவைத்த வரியைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தில் நல்ல மார்க் வாங்கியவராக இருந்திருக்க வேண்டும், அவசரப்படவேயில்லை, டம்ளரைப் பதிவேட்டின் மூலையில் வைத்தார், காகிதம் பறக்காமல் அது பிடித்துக்கொண்டது. பிறகு அலோசியஸைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஒருத்தர் கூட. சரி. அப்புறம்? வாக்கியத்தை முடிங்க."

நாலாவது வரிசையில் சுகந்தினி தன் மணிக்கட்டு மையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்ற சொல் அலோசியஸின் நாக்குக்கு வரும் முன்னாலேயே, அதற்குக் கீழே விக்கல் வந்து குந்தியிருப்பது அவனுக்குத் தெரிந்தது. இருக்கு என்ற சொல்லுக்கு விக்கல் எதுவும் இல்லை, அது சுத்தமாக வெளியே வரும், வந்து நாலாவது வரிசைக்குப் போய் அவள் கையைப் பிடிக்கும்.

அவன், முடிக்கிறேன் அம்மா, ஆனால் இந்தப் புத்தகத்தில் ஒரு கேள்வி குறைகிறது என்றான். எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள், எப்போது வந்தாய், எப்படி வந்தாய் என்று கேட்கிறீர்கள், ஏன் வந்தாய் என்று ஒரு கட்டம் இல்லை, அந்தக் கட்டம் இருந்தால் நான் முழு வசனமாகவே பதில் சொல்வேன், ஒரு சொல்லும் முழுங்கமாட்டேன், விக்கவும் மாட்டேன் என்றான். இவ்வளவு நீளமாக அவன் பேசி அந்த முகாமில் யாரும் கேட்டதில்லை.

தாசில்தார் அது தன் கையில் இல்லை என்றார். புத்தகம் மேலேயிருந்து அச்சடித்து வருகிறது, கட்டமும் கேள்வியும் மேலேயிருந்து வருகிறது, தான் எழுத மட்டுமே வந்தவர் என்றார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அலோசியஸ் சட்டைப்பையிலிருந்து, சுவரில் அளவுக் கோடு போட வைத்திருந்த தட்டைப் பென்சிலை எடுத்தான்.

"கட்டம் போடுறது பெரிய வேலையே அம்மா? நான் பெயிண்டர். ஸ்கேல் தாங்கோ, இப்பவே போட்டுத் தாறன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்த முகம் ஒன்றும் அங்கே இல்லை. தங்கப்பாண்டி மட்டும் அனிச்சையாகத் தன் சட்டைப்பையைத் தடவி, தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். தாசில்தார் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமலிருக்க உதட்டை மடக்கிக்கொண்டது பக்கத்தில் நின்ற அலோசியஸுக்குத் தெரிந்தது. பென்சிலை அவர் வாங்கவில்லை. தட்டிவிடவும் இல்லை. அவன் அதைப் பதிவேட்டின் மேல், அவருடைய பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தான், இரண்டும் "ஒருவர் கூட" என்ற பாதி வரிக்குக் கீழே கிடந்தன, டீ டம்ளரின் வட்டக் கறை ஓரத்தில் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.

"கட்டத்தை அப்புறம் பார்ப்போம். இல்லைங்கிறதா, இருக்குங்கிறதா, ரெண்டுல ஒண்ணு. ஒரு வார்த்தைதான். சொல்லிட்டுப் போங்க."

அலோசியஸ் வேட்டியை ஒதுக்கி, அந்த இருபது எட்டுக்கு நட்டநடுவே, வேப்பமரத்துப் பக்கமும் இல்லாமல் தொட்டிப் பக்கமும் இல்லாமல், சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தாசில்தார் பேனாவைக் கையில் எடுத்து, நுனியை அந்த வரியின் முனையில் வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டுப் போங்கள் என்று இன்னொரு தரம் சொன்னார்.

அவன் சொல்லவும் இல்லை, போகவும் இல்லை.